ஐயா உழக்கிய யப்பான் பாட்டு

என் ஐயாவின் வலது முழங்கால் மடங்க வேண்டும். அந்த வருஷம் எங்கள் வீட்டுக் கவலை அது ஒன்றுதான் என்று எழுதினால் பொய்யாகிவிடும். கவலைகளுக்குக் குறைவிருக்கவில்லை. ஆனால் மற்றவையெல்லாம் ஊரோடு பங்குபோட்ட கவலைகள். முழங்கால் எங்களுக்கு மட்டும் சொந்தமானது.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் காங்கேசன்துறைக் கரையை விட்டு எழும்பிய நாங்கள் மூன்று பேரும், ஐயா, அம்மா, நான், அளவெட்டியில் ஒருவருடைய வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். அவரை எல்லோரும் வான்காரர் என்பார்கள். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் தன் வானை மினிபஸ்ஸாக ஓட்டியவர். டீசல் இல்லாமற் போனபின் அந்த வான் நாலு கல்லின்மேல் மாமரத்துக்குக் கீழே நின்றது. வான்காரர் காலையில் எழும்பியதும் அதைத் துடைப்பார். எங்கேயும் போகாத வானில் என்ன ஊத்தை பிடிக்கும் என்று அவருடைய மனைவி கேட்டால், "மனுசருக்கும் ஒரு இடமும் போகாமல்தானே ஊத்தை பிடிக்குது" என்பார்.

ஐயா கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர். அளவெட்டியில் கடல் இல்லை. ஆகவே வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். இரண்டாம் வருஷம், அறுவடை முடிந்து மூட்டைகளை ஏற்றிய, மண்ணெண்ணெயில் ஓடிய உழவு மெஷினின் பெட்டியிலிருந்து குதித்தபோது கால் சறுக்கி, கட்டுக்கல்லில் முழங்கால் அடிபட்டு, சிரட்டை வெடித்துவிட்டது. முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியாரிடம் தூக்கிக்கொண்டு போகும்போதும் ஐயாவின் வாய் ஓயவில்லை.

"முப்பது வருஷம் கடலிலை விழாதவன் வெங்காயத்திலை விழுந்தான் எண்டு எழுதி வையடா. நீ படிச்சவன்தானே."

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்தான். ஐயா கையெழுத்தை ஒரு மீன்படம் கீறுவதுபோலக் கீறுவார். அம்மாவுக்குப் பெருவிரல். நான் அப்போது உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எது பழுதானாலும், சுளகு கிழிந்தாலும்கூட, "படிச்சவனைக் கேளுங்கோ" என்பது வழக்கமாகிவிட்டது. அதைப் பகிடியாக எடுக்க எனக்குத் தெரியவில்லை. சுளகையும் வாங்கி வைத்து யோசிப்பேன்.

ஆறு கிழமை எண்ணெய்க்கட்டுக்குப் பிறகு பரியாரியார் கட்டை அவிழ்த்தார். கால் உலக்கை மாதிரி நேராக நின்றது.

"எலும்பு பொருந்தியிட்டுது. என்ரை வேலை முடிஞ்சுது. இனி மடக்கிறது உம்மடை வேலை. நோகுது எண்டு விட்டீரெண்டால் இப்பிடியே இறுகிப்போம். பிறகு என்னட்டை வரவேண்டாம், ஒரு நல்ல தடியாப் பாத்து வெட்டும்" என்றார்.

அதே நாட்களில்தான் பருத்தித்துறைப் பக்கத்துக் கரையிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். அவரோடு கட்டுமரத்தில் போகிறவர் பொங்கலோடு வன்னிக்குப் போகிறார். அந்த இடம் அத்தானுக்குத்தான். தைப்பொங்கல் மட்டும், அதுவரைக்கும்தான், பார்த்துக்கொண்டிருப்பேன், அதற்குப்பிறகு வேறு ஆளைப் பிடிக்க வேண்டும். அங்கே கரையோரமாகத் தொழில் செய்யலாம் என்றார்.

எரிபொருள் இல்லாத காலத்தில் இயந்திரப் படகு என்ற பேச்சே இல்லை. கட்டுமரம்தான். கட்டுமரத்தில் கதிரை போட்டு இருக்க முடியாது. முழங்காலை மடித்து, குதிக்காலின்மேல் இருந்துதான் துடுப்புப் போடவேண்டும். மடங்காத காலோடு ஒருவர் ஏறினால் மரம் ஒரு பக்கம் சரியும். ஐயாவுக்கு இது யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர் காலை நீட்டியபடி இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறத்தியாருடைய காலைப் பார்ப்பதுபோல.

நான் யோசித்தேன். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லு நிலத்தில் படாமல் சுழலும்படி வைத்து, ஐயாவை ஏற்றிப் பெடலை உழக்கவிட்டால் இடது கால் தள்ளுகிற தள்ளில் வலது கால் தானாக மடங்கும். முதலில் சீற்றை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தவேண்டும். கால் பழகப் பழக ஒவ்வொரு விரல் அகலமாக இறக்கவேண்டும். சீற்றுக் கம்பியில் ஆணியால் கோடுகள் கீறினேன். எட்டாவது கோட்டுக்கு வந்தால் மரத்தில் இருக்கலாம் என்பது என் கணக்கு.

ஐயா இருபது உழக்கு உழக்குவார். பிறகு, "காணும், கடைக்குப் போயிட்டு வந்திட்டன்" என்று இறங்கிவிடுவார். வலி ஒரு பக்கம். அதைவிட, நின்ற இடத்தில் நின்று உழக்குவது அவருக்கு விசர்வேலையாகப் பட்டது.

அந்த நாட்களில் மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை. றேடியோ கேட்பதென்றால் யாராவது ஒருவர் சைக்கிள் உழக்கி டைனமோவைச் சுற்றவேண்டும். செய்தி கேட்க ஊரெல்லாம் அப்படித்தான் உழக்கியது. எப்படியும் உழக்கத்தானே வேண்டும், அதை ஐயாவே உழக்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது. உடைந்த றேடியோ ஒன்றிலிருந்து நாலு டயோட்டுகளைக் கழற்றி, டைனமோவையும் எங்கள் சிவப்புக் கசெற் றேடியோவையும் தொடுத்தேன்.

"இதுக்கோ உன்னை இவ்வளவு காலம் படிப்பிச்சது?" என்றார் ஐயா. ஆனால் அவருடைய முகத்தில் ஒரு பெருமை ஓடி ஒளிந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு சினிமாப்பாட்டுக் கசெற்றை இரவல் வாங்கிப் போட்டோம். அது சரிவரவில்லை. ஐயாவுக்கு எல்லாப் பாட்டும் தெரியும். நாலு அடி கேட்டதும் உழக்குவதை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மிச்சப் பாட்டைத் தானே பாடி முடித்துவிடுவார்.

"பாட்டுக் கேக்கத்தானே உழக்கச் சொன்னனீ? பாட்டுத்தான் என்ரை வாயிலையே இருக்கே."

அவர் பாடுவதைக் கேட்டு வந்த வான்காரர்தான் வழி சொன்னார். "உமக்குத் தெரியாத பாட்டு வேணும். நிப்பாட்டினால் மிச்சம் என்னெண்டு விளங்காத பாட்டு. பொறும்." வானைத் திறந்து, முன்பக்க லாச்சிக்குள் கையை விட்டு ஒரு கசெற்றை எடுத்து வந்தார்.

அந்த வான் யப்பானிலிருந்து இறங்கியபோதே அதற்குள் இருந்த கசெற் அது. அட்டையில் மஞ்சள் மழைக்கோட்டோடு ஒரு பெட்டை வாயைப் பெரிதாகத் திறந்து சிரித்துக்கொண்டு நின்றாள். எழுத்துகள் எல்லாம் சின்னச் சின்ன வீடுகள் மாதிரி இருந்தன. மினிபஸ் ஓடிய காலத்தில் வான்காரர் ஒருநாள் இதைப் போட்டிருக்கிறார். சுன்னாகத்தில் ஏறிய ஒரு கிழவர், "தம்பி, ஒண்டில் பாட்டை நிப்பாட்டு, இல்லாட்டில் பஸ்ஸை நிப்பாட்டு" என்றாராம்.

அன்று பின்னேரம் ஐயா உழக்கினார். முதலில் கன்று தேடுகிற பசு மாதிரி ஒரு சத்தம் இழுபட்டு வந்தது. "என்னடா, யப்பானிலையும் செத்தவீடோ?" என்று ஐயா கேட்டார். "கெதியா உழக்குங்கோ ஐயா, அப்பத்தான் சரியா வரும்" என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வேகம் கூட்டினார். பசு மெல்ல மெல்ல மாறி ஒரு பெண்பிள்ளையாகியது. துள்ளுகிற குரல். பின்னாலே கைதட்டல், ஊதுகுழல், ஒரு கூட்டமே சேர்ந்து பாடுகிற சத்தம். காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஓடுகிற மாதிரி ஒரு தாளம். அந்தத் தாளம் உழக்குக்குச் சரியாகப் பொருந்தியது. ஐயா களைத்தால் பெட்டையும் களைத்தாள். மறுபடி உழக்கினால் அவளுக்கும் உசார் வந்தது. அந்த முதல்நாள் ஐயா ஒரு முழுப்பாட்டு உழக்கினார். இறங்கும்போது கால் நடுங்கியது. "அந்தப் பெட்டையை அந்தரத்திலை விட்டிட்டு எப்பிடி இறங்கிறது" என்றார்.

பாட்டில் என்ன சொல்லுகிறார்கள் என்பதில் வளவுக்குள் இரண்டு கட்சி உண்டானது. ஒரு பாட்டில் "சோறா" என்று திரும்பத் திரும்ப வரும். கொஞ்சம் தள்ளி "உமி" என்று வரும். வான்காரர் தோட்டக்காரப் பரம்பரை. இது அறுவடைப் பாட்டு என்று அடித்துச் சொன்னார். "சோறா, உமியா எண்டு கேக்கிறாள். நெல்லுக் குத்தினால் சோறும் வரும், உமியும் வரும். யப்பானிலும் நெல்லுத்தானே விளையுது." அரிசி கிடைப்பதே அருமையாக இருந்த காலம் அது. ஒரு பெட்டை இவ்வளவு சந்தோஷமாகச் சோறா என்று கேட்பதை நாங்கள் எல்லோரும் விரும்பிக் கேட்டோம்.

அம்மாவின் கட்சி வேறு. மற்றொரு பாட்டில் கூட்டமாகச் சேர்ந்து "கண்பாரே! கண்பாரே!" என்று உச்சத்தில் கத்துவார்கள். அம்மா முதல்முறை அதைக் கேட்டபோது அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"கண் பார் எண்டு கேக்கினம். இது சாமிப் பாட்டு."

"அம்மா, அது யப்பான் பாஷை."

"யப்பானிலை சாமி இல்லையோ? சாமிக்குச் சொல்லுற சொல்லு எல்லா இடமும் ஒண்டுதான்."

அதற்குப்பிறகு ஐயா சைக்கிளில் ஏறமுன் கால் கழுவ வேண்டுமென்று சட்டம் வந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு ஏறவேண்டும். அந்தப் பாட்டு வரும்போது பகிடி விடக்கூடாது. ஐயாவும், சாமிக்குப் பயமோ அம்மாவுக்குப் பயமோ, ஒரு பேணி தண்ணீரைக் காலில் ஊற்றிவிட்டுத்தான் ஏறுவார்.

நான் கொப்பி ஒன்றில் காதில் விழுந்த சொற்களை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். கண்பாரே, சோறா, உமி, அசித்தா. பௌதிகவியல் கொப்பியின் பின்பக்கம்தான். கருத்துத் தெரியாமல் ஒரு சொல்லை விட்டுவைப்பது எனக்குப் பொறுக்காது. புதிதாகப் படித்தவனின் வியாதி அது.

சீற்று ஒரு கோடு இறங்கியது. பிறகு இன்னொன்று. மூன்றாவது கோட்டுக்கு இறக்கிய அன்று ஐயா வலியில் தூஷணம் சொன்னார். அது கண்பாரே பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம். அம்மா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. நாலாவது கோட்டில் முழங்கால் செங்கோணத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. ஐயா தடியில்லாமல் கிணற்றடிக்குப் போய் வந்தார். கார்த்திகை முடிந்துகொண்டிருந்தது.

பின்னேரங்களில் பாட்டுக் கேட்க அயலட்டைச் சனம் வரத் தொடங்கியது. வேறு பொழுதுபோக்கு என்ன இருந்தது? பிள்ளைகள் வானின் வாசற்படியில் இருந்து கைதட்டுவார்கள். பெரியவர்கள் மாமரத்தில் சாய்ந்து நிற்பார்கள். வான்காரரின் ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர், புகையிலைத் தோட்டக்காரர், நல்ல பகிடிக்காரர். ஒருநாள் ஐயா வியர்க்க வியர்க்க உழக்கிக்கொண்டிருக்க, அவர் கேட்டார்:

"என்ன சம்மாட்டியார், ரெண்டு மாசமா ஓடுறீர். இந்நேரம் கொழும்புக்கே போய்ச் சேந்திருக்கலாமே. எங்கை மட்டும் வந்திட்டீர்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். பாட்டு முடியும்வரை உழக்கிவிட்டுத்தான் இறங்கினார்.

மறுநாள் ஏறவில்லை. கால் கழுவத் தண்ணீர் கொண்டு வந்த அம்மாவிடம், "சாமிக்கு இண்டைக்கு லீவு" என்றார். அதற்கு மறுநாளும் ஏறவில்லை. சம்மாட்டி என்றால் வலையும் தோணியும் ஆட்களும் வைத்திருக்கிற பெரிய மனிதர். ஐயா அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் சொந்தமாக ஒரு மரம் வைத்திருந்தவர். அந்தப் பகிடி எந்த இடத்தில் தைத்ததென்று எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் செய்தது முட்டாள்தனம். கொப்பியை விரித்து வைத்து அவருக்குப் பாடம் நடத்தினேன்.

"ஐயா, இப்ப எண்பத்தைஞ்சு பாகை மடங்குது. இன்னும் நாப்பது பாகை வேணும். ஒரு நாளைக்கு ஒரு பாகை எண்டு பாத்தாலும் பொங்கலுக்கு..."

"உன்ரை பாகைக் கொண்டுபோய்ப் புட்டுக்கு ஊத்தித் தின்."

ஆறாம் நாள் முழங்கால் மறுபடி இறுகத் தொடங்கியது. கிணற்றடிக்குப் போகத் தடியை எடுத்தார். அம்மா யாரும் காணாமல் சைக்கிளின் சீற்றைத் தடவிவிட்டுப் போவதைப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் விடிய நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். பொங்கலுக்குப் பிறகும் கொஞ்சநாள் பொறுப்பாரா என்று கேட்பதற்காக. மாமா வலையைப் பிரித்தபடியே தலையை ஆட்டினார். "ஏற்கெனவே ரெண்டு பேர் வந்து கேட்டிட்டாங்கள், மருமோன். அத்தானுக்காகத்தான் வைச்சிருக்கிறன். பொங்கலுக்குப் பிறகு ஒருத்தன் எண்டாலும் இல்லாமல் நான் என்னெண்டு தனிய மரம் தள்ளுறது?"

அவர்மேல் பிழை இல்லை. நான் திரும்பினேன். திரும்புகிற வழியில் கரவெட்டியில் என் வகுப்புத் தோழனின் பெரியப்பா இருந்தார். கப்பலில் வேலை செய்து, யப்பான்காரரோடு நாலைந்து வருஷம் கடலில் திரிந்தவர் என்று தோழன் சொல்லியிருந்தான். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனமில்லாமல் அவருடைய படலையைத் தட்டினேன்.

அவர் குடைக்குக் கம்பி பூட்டிக்கொண்டிருந்தார். நான் கொப்பியைத் திருப்பி, மிகவும் பணிவாக, "ஐயா, யப்பான் மொழியில் சோறா என்றால் என்ன?" என்று எழுத்துத்தமிழில் கேட்டேன். பதற்றம் வந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

அவர் குடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, சோத்துக்கு அவங்கள் கோகான் எண்டுவாங்கள். சோறா எண்டால் வானம். ஆகாசம்." கையால் மேலே காட்டினார்.

"உமி?"

"அது கடல்."

நான் பென்சிலால் அதைக் குறிக்க மறந்து நின்றேன். அவரே கேட்டார், "வேறை?"

"அசித்தா."

"நாளைக்கு."

"கண்பாரே?"

அந்தச் சொல் அவருக்குப் பிடிபடவில்லை. நான் பாட்டின் மெட்டை வெட்கத்தோடு முணுமுணுத்துக் காட்டினேன். அவருக்கு அது பிடிபட்டுவிட்டது. "ஓமோம், உந்த மாதிரிப் பாட்டுகள் அங்கை கனக்க. சோதினைக்குப் போற பிள்ளையளுக்கு, பந்தடிக்கிற பெடியளுக்கு, வேலை போனவனுக்கு, எல்லாருக்கும் போடுவாங்கள். மனம் விடாதை எண்டு பாடுறது. அந்தச் சொல்லை எங்கடை பாஷையிலை எப்பிடிச் சொல்ல? 'விடாதை பிடி' எண்டு வைச்சுக்கொள்ளும். ஆனால் நாங்கள் அதைக் கயிறு பிடிச்சிருக்கிறவனுக்குத்தான் சொல்லுவம். அவங்கள் கையிலை ஒண்டும் இல்லாதவனுக்கும் சொல்லுவாங்கள். புயலிலையும் சொல்லுவாங்கள், சும்மா கோப்பை கழுவுறவனைப் பாத்தும் சொல்லுவாங்கள்."

அளவெட்டி வரும்வரை நான் எங்கும் இறங்கவில்லை. ஐயா கொட்டிலுக்கு வெளியே காலை நீட்டி இருந்தார்.

"மாமன் என்னவாம்?"

"பொங்கல் மட்டும்தானாம்."

"ம்."

"ஐயா, அந்தப் பாட்டிலை சோறும் இல்லை, உமியும் இல்லை. சோறா எண்டால் வானமாம். உமி எண்டால் கடலாம்."

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆர் சொன்னது?"

"கரவெட்டியிலை கப்பலுக்குப் போன ஒராள்."

"உந்தப் பெட்டை கடலிலை என்ன செய்யிறாளாம்?"

அது எனக்கும் தெரியாது. நாலு சொல்லைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் பொய் சொல்லவும் வாய் வரவில்லை. "கடல் எண்டு சொல்லுறாள். வானம் எண்டு சொல்லுறாள். நாளைக்கு எண்டு சொல்லுறாள். அவ்வளவுதான் தெரியும்."

ஐயா நீட்டியிருந்த காலைத் தடவினார். பிறகு, "ரெண்டு மாசம் கடலைப் பற்றிப் பாடியிருக்கிறாள், நாங்கள் உமி எண்டு கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறம்" என்றார். "வான்காரருக்குத் தோட்டம், அந்தாளுக்கு அப்பிடிக் கேக்கும். எனக்குமோ?" தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்ததுபோல இருந்தது. தடியை ஊன்றி எழும்பினார். "சீற்று எத்தினையிலை நிக்குது?"

"நாலாம் கோட்டிலை."

"ரெண்டுக்குத் தூக்கு. ஒம்பது நாள் விட்டிட்டன்."

இரண்டாம் கோட்டிலும் அன்று அவருக்கு நொந்தது. பாட்டு முழுக்க முழுக்கப் பசுவின் குரலிலேயே ஓடியது. பெட்டை வரவே இல்லை. ஆனால் இறங்கவில்லை.

கண்பாரே பற்றி அம்மாவிடம் சொல்வதா விடுவதா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் சொன்னேன். இது சாமிக்குச் சொல்கிறதில்லை, மனிசருக்கு மனிசர் சொல்கிறது, விடாதே என்று கருத்து.

அம்மா முகம் சுருங்கவில்லை. "ஆர் ஆருக்குச் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆரும் ஆருக்கும்."

"பொம்பிளையள் ஆம்பிளையளுக்குச் சொல்லலாமோ?"

"ஓம்."

மறுநாள் ஐயா உழக்கிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து அம்மா, ஊர் முழுக்கக் கேட்க, "இஞ்சாருங்கோ, கண்பாரே!" என்று கூப்பிட்டாள். ஐயா மூச்சிரைக்க, "முதல் நீர் சட்டியைக் கண்பாரும், அடிப்பிடிச்சு மணக்குது" என்றார். ஆனாலும் கால் கழுவுகிற சட்டத்தை அம்மா மாற்றவில்லை. ஐயாவும் கேட்கவில்லை.

வான்காரருக்குத்தான் ஏமாற்றம். அறுவடைப் பாட்டு கடற்பாட்டாகிவிட்டதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "கப்பல்காரருக்குக் கடலைத் தவிர என்ன தெரியும்? அந்தாளுக்கு எதைக் கேட்டாலும் கடல் எண்டுதான் சொல்லும்" என்றார். அவர் கடைசிவரை உமி என்றே பாடினார்.

புகையிலைத் தோட்டக்காரர் மறுபடி வந்து நின்ற அன்று எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் முதற்பகிடி இனித்திருக்க வேண்டும். "என்ன சம்மாட்டியார், திரும்பவும் வெளிக்கிட்டாச்சோ? இண்டைக்கு எங்கை மட்டும்?"

ஐயா உழக்குவதை நிறுத்தாமல் சொன்னார். "யப்பான் கடல் மட்டும் வந்திட்டன். இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கு. நீந்தத் தெரியுமோ?"

சனம் சிரித்த சிரிப்பில் பாட்டே கேட்கவில்லை. அந்த மனிதரும் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த நாள் ஐயாவுக்கு இரண்டு கட்டு நல்ல புகையிலை கொண்டுவந்து கொடுத்தார்.

மார்கழி முழுக்க மழை. சைக்கிளை வானுக்குள் ஏற்றி, இருக்கைகளுக்கு நடுவே நிறுத்தி, ஐயா அதற்குள் இருந்து உழக்கினார். வானில் ஏறியிருந்து பார்ப்பவர்களுக்கு அது உண்மையாகவே எங்கோ போவதுபோல இருக்கும் என்று வான்காரர் சொன்னார். அவர் சாரதி இருக்கையில் ஏறிக் கண்ணாடி வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாலாம் கோடு வந்தது. ஐந்தாம் கோடு. ஐந்திலிருந்து ஆறுக்கு இறங்கப் பன்னிரண்டு நாள் எடுத்தது. ஆறாம் கோட்டில் ஐயாவின் வலது கால் ஒவ்வொரு சுற்றிலும் மேலே வரும்போது ஒரு கணம் தயங்கும். அந்த இடத்தில் பாட்டும் ஒரு கணம் விக்கும். அந்த விக்கல் பாட்டின் ஒரு பகுதியாகவே எங்களுக்குப் பழகிவிட்டது. பொங்கலன்று சீற்று ஆறாம் கோட்டில்தான் நின்றது. எட்டுக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் உழவு மெஷின் பெட்டியில் சட்டிபானைகளோடு மாமாவின் ஊருக்கு வெளிக்கிட்டோம். கசெற்றை வான்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "தம்பி, அந்த நாலு டயோட்டையும் வைச்சிட்டுப் போறீரோ?" என்று கேட்டார். அவருடைய சைக்கிளில் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாமா ஐயாவை நேரே கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கட்டுமரம் மணலில் கிடந்தது. "ஏறி இருங்கோ பாப்பம், அத்தான்" என்றார்.

ஐயா சாரத்தை மடித்துக் கட்டினார். மரத்தில் கையை ஊன்றி, முதலில் இடது காலை மடக்கினார். பிறகு வலது. மெல்ல, மெல்ல. குதிக்காலுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு கைப்பிடி இடைவெளி இருக்கையில் கால் நின்றுவிட்டது. அதற்குமேல் போகவில்லை. நான் செய்த கணக்கில் குறைந்த அந்த இரண்டு கோடும் அங்கேதான் இருந்தன. எனக்கு ஐயாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

மாமா ஒரு பழைய சாக்கை எடுத்து நாலாக மடித்து அந்த இடைவெளியில் வைத்தார். ஐயா அதன்மேல் இருந்தார். மாமா துடுப்பைக் கொடுத்தார். ஐயா மணலில் இரண்டு போடு போட்டார். உடம்பு சரியாகத் திரும்பியது. மரம் அசைந்தது.

"சரி, எழும்புங்கோ."

ஐயாவால் எழும்ப முடியவில்லை. இரண்டு முறை பார்த்தார். வலது கால் மடங்கியதும் மடங்கியபடியே இருந்தது, நிமிர்த்தித் தூக்கப் பலம் வரவில்லை. மாமாவிடம் இடம் கேட்டு வந்த இரண்டு பேரில் ஒருவர் அங்கே நின்றார். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

மாமா தலையைச் சொறிந்தார். "கடலுக்கை ஆர் உங்களை எழும்பச் சொன்னது? போய் வாறமட்டும் இருக்கிறதுதானே வேலை. கரையிலை தூக்கிறதுக்கு உங்கடை மோன் நிக்கிறான்."

"கவிண்டால்?" என்று அம்மா கேட்டாள்.

"கவிண்டால் கால் தானா நிமிரும்" என்றார் ஐயா.

இரண்டு நாள் கழித்து முதல்முறை போனார். விடியற்காலையில் நானும் மாமாவும் மரத்தைத் தண்ணீருக்குள் தள்ளினோம்; மாமா தாவி ஏறிக்கொண்டார். ஐயா சாக்கின்மேல் இருந்தபடி திரும்பிப் பார்க்காமல் துடுப்புப் போட்டார். கடற்படைக்குப் பயந்து அதிக தூரம் போக முடியாது. கரையில் நின்று பார்த்தால் ஆட்கள் தெரிகிற தூரம்தான். அம்மா முழங்கால் நனைய நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பாடப்புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். ஒரு பக்கமும் புரட்டவில்லை.

வெயில் ஏறியபின் மரம் திரும்பி வந்தது. அலை அதைத் தூக்கி மணலில் வைத்தது. மாமா குதித்து இறங்கினார். ஐயா இருந்த இடத்திலேயே இருந்தார், முதுகு நேராக, இரண்டு கையிலும் துடுப்பைப் பிடித்தபடி. உடம்பெல்லாம் உப்பு. அவருக்கு முன்னால் பறிக்கூடையில் சூடை மீனும் கீரி மீனும் துள்ளிக்கொண்டிருந்தன. பறி அரைவாசிகூட நிறையவில்லை. நானும் அம்மாவும் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கமாக அவருடைய கக்கத்தில் கையைக் கொடுத்தோம்.

"விடுங்கோ, விடுங்கோ" என்று ஐயா எங்களைத் தட்டிவிட்டார். "அடுத்த அலை வரப்போகுது. முதல் மீனை எடுங்கோ. நான் இருந்தபடி இருப்பன்."

அம்மா பறியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கரை ஏறினாள். அதற்குப்பிறகுதான் நானும் மாமாவும் ஐயாவைத் தூக்கினோம்.